அத்தப்பன் கார் விழுங்கிய சத்தம்

எங்கள் ஊரின் சத்தத்தை நாற்பத்தொரு நாள் ஒரு கார் விழுங்கி வைத்திருந்தது. பழைய கார்தான், சாம்பல் நிறம், இடப்பக்கக் கதவில் ஒரு நசுங்கல், முன்பு வைத்திருந்தவர் பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போன வேல் ஸ்டிக்கர். பார்த்தால் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட விழுங்கும் என்று சொல்ல மாட்டீர்கள். ஆனால் விழுங்கியது. இதைச் சொன்னால் ஈரோட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவர்களுக்கு எல்லாமே சிரிப்புதான்.

தறிமேடு எங்கள் ஊர். முந்நூறு வீடு, ஆயிரத்து இருநூறு விசைத்தறி. வீட்டுக்குப் பின்னால் தறிக்குடோன், முன்னால் தெரு, நடுவில் சோறும் தூக்கமும் கல்யாணமும் கருமாதியும். ஊடை நூலைச் சுமந்தோடும் நாடா இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் அடித்துத் திரும்புகிற சத்தத்தில்தான் நாங்கள் பிறந்தோம், அதற்கு மேலே குரலை ஏற்றித்தான் பால் கேட்டோம், அதற்கு மேலே ஏற்றித்தான் பெண் கேட்டோம், சாவு விழுந்தால் அதற்கும் மேலே ஏற்றி ஒப்பாரி வைத்தோம். மாதத்தில் ஒருநாள் கரண்ட் இருக்காது; அன்றைக்காவது வாயைக் குறைக்கலாம் என்றால், முப்பது வருஷம் தறியில் நின்றவர்களின் காதுக்குள் தறி நிற்பதில்லை, அது விடுமுறை இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் அன்றைக்கும் கத்தல்தான். எங்கள் ஊரில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. “சாப்பிட்டியா” என்று நாங்கள் கேட்டால் வெளியூர்க்காரர்கள் ஒரு அடி பின்னால் போவார்கள், என்ன தப்புச் செய்தோம் என்று யோசிப்பார்கள். நாங்கள் பாசக்காரர்கள். பாசம் கூடினால் குரலும் கூடும், அவ்வளவுதான்.

அந்த ஊருக்கு ஏற்காட்டிலிருந்து கோகிலவாணி மருமகளாக வந்தாள். காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற ரைட்டரின் மகள். இலை உதிர்ந்தால் எந்த மரத்திலிருந்து என்று சொல்லிவிடக்கூடிய அமைதியில் வளர்ந்தவள், பேசினால் நாம் குனிய வேண்டும், குனிந்தாலும் பாதிதான் கிடைக்கும். எட்டுத் தறிக்காரர் அத்தப்பனுக்கும் பாவாயிக்கும் ஒரே மகன் செங்கோட்டுவேல். சேலத்தில் ஒரு கல்யாணத்தில் இவளைப் பார்த்துவிட்டு வந்து, பார்த்தேன் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான். கல்யாணம் நடந்தது.

மருமகள் மேல் பாவாயிக்கு இருந்த ஆசையை அளக்க முடியாது. பெண் குழந்தை இல்லாத வீடு. காலையில் பூக்காரி வருமுன்பே தெருமுனைக்குப் போய் நின்று நல்ல சரமாகப் பார்த்து வாங்கி வருவாள். தட்டில் நாலு இட்லி வைத்துவிட்டு ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். “இன்னொண்ணு வெச்சுக்க சாமீ!” என்பாள். அந்த ‘சாமீ’ குடோனைத் தாண்டி மூன்றாவது வீடு வரைக்கும் போகும். கோகிலவாணி தட்டோடு சேர்ந்து நடுங்குவாள். வெட்கப்படுகிறாள் என்று பாவாயி நினைத்துக்கொண்டாள், வெட்கம் தெளிய வேண்டுமே என்று இன்னும் ஆசையாக, இன்னும் ஏற்றிப் பேசினாள்.

ஆறு மாதக் கர்ப்பத்தில், நாலு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று மலையேறிப் போனவள், ஒரு மாதமாகியும் வரவில்லை. செங்கோட்டுவேல் போய்ப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான்.

“என்னடா சொல்றா?” என்றாள் பாவாயி.

“நாம எல்லாரும் அவளை வைஞ்சுக்கிட்டே இருக்கோமாம்மா! எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் வைய்யறோமாம்! வளைகாப்புக்கும் வல்லையாம், கொழந்தை பொறந்தாலும் அங்கயே இருந்துக்கறாளாம். என்னையும் அங்க வரச் சொல்றா!”

“ஆரு வைஞ்சா?” என்று கேட்டாள் பாவாயி. “நானா? என்ற தங்கத்தையா?” அந்தக் கேள்வியைக் கேட்டு, என்ன சண்டை என்று பார்க்க நாலு வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். யாரும் வையவில்லை என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. அப்படியென்றால் வேறு ஏதோ குறை. பெண்ணைக் கல்யாணம் பண்ணி பஸ்ஸில்தானே கூட்டி வந்தீர்கள், அந்த இருபது வளைவிலும் பஸ்ஸில் முட்டி இடிக்க வந்த பெண் மனசில் அது இருக்காதா என்றார்கள். குறை அதுதான் என்று முடிவாயிற்று. ஒரு காரை வாங்கி, ஒன்பதாம் மாதம் வளைகாப்புக்கு அந்தக் காரிலேயே ராணி மாதிரி அழைத்து வருவது என்று தீர்மானித்தார்கள். அத்தப்பன் காரை வாங்கினார்.

முதல்நாள் பாவாயி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மகன் பாட்டுப் போட்டான்.

“பாட்டு ஓடுதா?”

“ஓடுதும்மா!”

“எனக்குக் கேக்கலையே. இந்த ஊமைக் காரைக் கொண்டுபோயா என்ற மருமகளைக் கூப்புடறது? நாம வர்றது அந்தப் புள்ளைக்கு அடிவாரத்துலயே தெரிய வேண்டாமா?”

சத்தத்துக்குப் பயந்து ஓடின பெண்ணை அழைத்துவர, காருக்குச் சத்தத்தைக் கூட்டலாம் என்று முடிவெடுக்க எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும். அன்றைக்கு அதில் ஒரு தப்பும் எங்களுக்குத் தெரியவில்லை. நல்ல யோசனை என்றோம். மாதேஸைக் கூப்பிட்டோம்.

மாதேஸ் பதினெட்டு வருஷம் தறியில் நின்று, இடது காதை முழுக்கவும் வலது காதில் பாதியையும் அங்கே விட்டுவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் கார் ஆடியோ கடை போட்டவர். சத்தத்தைக் கையால் பார்ப்பார். பாட்டை ஓடவிட்டுக் கதவில் உள்ளங்கையை வைப்பார், சீட்டில் முதுகைச் சாய்ப்பார், கண்ணை மூடி, “அடி நல்லா எறங்குதுங்ணா” என்பார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்ல ஊரில் யாருக்குக் காது இருக்கிறது?

கம்பெனியில் வைத்து அனுப்பிய ஸ்பீக்கர்களைக் கழற்றி வெளியே வைத்தபோது அவை அப்பளம் போல இருந்தன. “இதுல பாட்டுக் கேக்கறதுக்கு நாமளே பாடிக்கலாங்க்கா” என்றார் பாவாயியிடம். நாலு கதவையும் பிரித்து, தகடு அதிராமல் இருக்க உள்ளே கறுப்புத் தார் ஷீட் ஒட்டி, கதவுக்கு ஒன்றாக ஆறரை இஞ்சில் நாலு ஸ்பீக்கர் இறக்கி, சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் வைத்து, டிக்கியில் ஒரு மூட்டை அளவுக்கு வூஃபர் பெட்டி வைத்து, பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, இழுத்த ஒயரையெல்லாம் டேப்புக்குப் பதிலாகத் தறியில் கழிந்த நூலால் சுற்றிக் கட்டினார். கழிவு நூல் இருக்க யாராவது டேப் வாங்குவார்களா? இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, அத்தப்பன் வீட்டு வாசலில் காரை நிறுத்திப் பாட்டைப் போட்டார்.

“கேக்குதுங்களாக்கா?”

“இல்லையே!”

“இப்ப?”

“ஏத்து மாதேசு!”

பத்து, பதினைந்து, இருபது என்று ஏற்றினார். கதவில் கை வைத்துப் பார்த்தார், கதவு அடித்துக்கொண்டுதான் இருந்தது. இருபத்திரண்டுக்கு வந்தபோது சத்தம் நின்றது.

தறி நிற்கவில்லை. நாடா ஓடியது, பாவு இறங்கியது, துணி சுருண்டது, மோட்டார் சுற்றியது, தெருவில் ஒரு டெம்போ போனது, மாவு மில் ஓடியது, எதிலும் சத்தம் இல்லை. நாலு தெரு சுற்றளவில் மெஷின் என்று இருந்த எல்லாவற்றின் சத்தத்தையும் அந்தக் கார் உள்ளே இழுத்துக்கொண்டது. மனுசர் குரலை அது தொடவில்லை, காக்கையைத் தொடவில்லை, குழாய் சொட்டுவதைத் தொடவில்லை. எங்கள் ஊர்க் குழாய்கள் சொட்டுகின்றன என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

“ஏத்துன்னு சொல்றேன்ல!” என்றாள் பாவாயி. அந்தக் குரல் தெருவின் கோடி வரை போய்ச் சுவரில் இடித்துத் திரும்பி வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஆரு இப்படிக் கத்தறது?” என்று கேட்டாள், அதுவும் கத்தலாகவே போய்த் திரும்பியது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை மெதுவாகக் காதுக்குக் கொண்டுபோனாள்.

“ஏனுங்க,” என்றாள் அத்தப்பனிடம், “காதுக்குள்ள தறி நின்னு போச்சுங்க.”

முப்பத்தொரு வருஷமாக ஓடிய தறி. படுக்கும்போதும் ஓடியது, கோயிலில் கண்ணை மூடும்போதும் ஓடியது, மகனைப் பெற்றபோதும் ஓடியது. அவள் கார்க் கதவைத் திறந்துவைத்துப் படியில் உட்கார்ந்தாள்.

“அந்தப் புள்ளைகிட்ட நான் இந்தக் கொரல்லயா பேசுனேன்? இட்லி வெக்கறப்பக்கூடவா?”

அவள் அழுதாள். நின்றிருந்த நாங்களும், அவரவர் வீட்டில் அவரவர் யாரிடம் எந்தக் குரலில் பேசினோம் என்று நினைத்துப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டோம்.

மறுநாள் முதல் கார் ஊருக்குப் பொதுவாகிவிட்டது. எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு தெரு என்று முறை போட்டோம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தோடு வந்தார்கள். காதுக்குள் தறி ஓடுகிறவர்கள் பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு வந்து காரைச் சுற்றிப் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் காதுக்குள் தறி சில நாளைக்குத் திரும்பாது. சிலர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினார்கள், அப்படித் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்று எழுந்தபின் சொன்னார்கள். இருபத்தாறு வருஷமாகச் சண்டை போட்டுவந்த புருஷன் பெண்டாட்டி குப்பண்ணனும் ரங்கநாயகியும் தங்கள் இருவருக்கும் கோபமே இல்லை, வெறும் குரல்தான் என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் மூன்று நாள் திண்டாடினார்கள். நாங்கள் எல்லாருமே மெதுவாகப் பேசிப் பார்த்தோம், முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பழகிப்போயிற்று.

துணிதான் கெட்டது. தறிக்காரன் கண்ணால் நெய்வதில்லை, காதால் நெய்கிறான். எட்டுத் தறிக்கு நடுவில் நின்றாலும் எந்தத் தறியில் இழை அறுந்தது என்று சத்தம் மாறுவதை வைத்துத் திரும்பிவிடுவான். சத்தம் இல்லாமல் போனதில் இழை அறுந்தது தெரியாமல் பத்து முழம் ஓட்டையாக நெய்தோம், ஈரோட்டு வியாபாரி கட்டுக் கட்டாகத் திருப்பி அனுப்பினார். தறிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். கார் வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும் மட்டும் கார் ஓடட்டும், அந்த மூன்று மணி நேரம் தறிக்கு ஒரு ஆள் நின்று கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள்.

இதற்கிடையில் மாதேசுக்குத் தூக்கம் போய்விட்டது. செய்த வேலையில் பாட்டு வரவில்லையே என்று அவருக்கு அவமானம். மூன்றாம் வாரம் கதவைப் பிரித்துப் பார்த்துவிட்டு அத்தப்பனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எம்மேல தப்புங்ணா. ஸ்பீக்கருக்குப் பிளஸ், மைனஸ்னு ரெண்டு மொனை. மாத்திக் குடுத்துட்டா ஒண்ணு முன்னால தள்ளறப்ப இன்னொண்ணு பின்னால இழுக்கும், ஒண்ணோட சத்தத்தை ஒண்ணு தின்னுபோடும். நான் ரெண்டு கதவுல மாத்திக் குடுத்துட்டேன். கையில பாத்தா தெரியலீங்க, எப்படிக் குடுத்தாலும் கதவு அதிரத்தானே செய்யும்? காது இருக்கறவனா இருந்தா தெரிஞ்சிருக்கும். அஞ்சு நிமிசம் குடுங்க, சரி பண்ணிடறேன்.”

“தொட்டீன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்,” என்றார் அத்தப்பன், மிக மெதுவாக. அதற்குள் அவருக்குப் பழகியிருந்தது. மாதேஸ் வேறு மூன்று கார்களில் வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். மோசமான பாட்டுத்தான் வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

“இன்னொண்ணும் இருக்குதுங்ணா,” என்றார் இன்னொரு நாள் வந்து. “டிக்கியைப் பாருங்க.”

காரின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. வூஃபர் பெட்டியை வைக்கும்போது மாதேஸ் ஒரு ஆளாகத் தூக்கி வைத்தார், இப்போது நாலு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. “உள்ள போனதெல்லாம் எங்க போவும்? அங்கதான் இருக்குது. என்னைக்காவது திருப்பி வந்துச்சுன்னா அந்த நிமிசமே அணைச்சுப்போடுங்க. கொஞ்சமாவது உள்ள தங்குச்சுன்னா மறுபடியும் விழுங்கும். மொத்தமும் வெளிய போயிடுச்சுன்னா அப்பறம் இது பாட்டுப் பொட்டிதான், வேற ஒண்ணுக்கும் ஆவாது.” பாவாயி பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் தெருவின் முறை வருகிற நாட்களில் அவள் முன்சீட்டிலும் அத்தப்பன் பின்சீட்டிலும் உட்கார்ந்து பழகினார்கள். ஒரே வரிதான். “சாப்பிட்டியா கண்ணு?” முதலில் கத்தலாக வந்தது. குறைத்தால் ஒன்றுமே வரவில்லை, “காத்துதான் வருது” என்றார் அத்தப்பன். அவள் மறுபடி சொன்னாள், மறுபடி, மறுபடி, நூறு தரம், காதுக்குள் தறி நிற்கிற அந்த அமைதியில் தன் குரல் எங்கே இருக்கிறது என்று உள்ளே தேடித் தேடிச் சொன்னாள். ஒருநாள் அது கிடைத்தது. கொஞ்சம் கரகரப்பாக, கீழ்க்குரலில், நடுவில் சின்னதாக உடைகிற ஒரு குரல். அத்தப்பன் பின்சீட்டில் அசையாமல் இருந்தார். கல்யாணமான முதல் வாரமே தறிக்குப் போனவர்கள் அவர்கள். பெண்டாட்டியின் குரல் இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

“நல்லாருக்குதா?” என்று கேட்டாள்.

“நல்லாருக்குது பாவாயி,” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாற்பத்தோராம் நாள் வளைகாப்புக்கு அழைக்கப் புறப்பட்டார்கள். பூ, பழம், சேலை, வளையல் தட்டு, ஓட்டுவதற்குச் செங்கோட்டுவேல், முன்சீட்டில் பாவாயி, பின்னால் அத்தப்பனும், எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்க்ரூடிரைவரோடு மாதேசும். நாற்பது நாள் சத்தத்தைச் சுமந்துகொண்டு கார் மலையேறத் திணறியது. ஏழாவது வளைவில் பின்பக்கம் ரோட்டில் உரசியதால் மாதேசும் அத்தப்பனும் இறங்கி நடந்தார்கள், கார் அவர்களுக்கு முன்னால் அவர்கள் நடையிலேயே போயிற்று. மேலே போகப் போக ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தங்கள் பின்தங்கின. தோட்டத்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு குருவி தவிர வேறு பேச்சில்லை.

கோகிலவாணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு பெரிதாகி, முகம் இளைத்திருந்தது. மாமியாரைப் பார்த்ததும் தோள்கள் தாமாகவே உயர்ந்தன, அடுத்து விழப்போகிற குரலுக்காக.

“சாப்பிட்டியா கண்ணு?” என்றாள் பாவாயி.

கோகிலவாணி பாவாயிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், பேசியது யார் என்று. யாரும் இல்லை. “சாப்பிட்டேன் அத்தை,” என்றாள். தோள்கள் கொஞ்சம் இறங்கின.

உள்ளே உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். கோகிலவாணியின் அம்மா பாவாயியிடம் தணிந்த குரலில் சொன்னாள்: குழந்தை சரியாக அசைவதில்லை. அங்கிருந்து வந்த நாளிலிருந்தே அப்படி. டாக்டரிடம் போனோம், துடிப்பு நன்றாக இருக்கிறது, பயமில்லை என்கிறார். ஆனால் இவள் ராவும் பகலும் வயிற்றில் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

“உங்க வீட்ல இருக்கறப்ப விடாம ஆடிட்டே இருந்துச்சு அத்தை,” என்றாள் கோகிலவாணி. “இங்க வந்து தூங்கிப்போச்சு.” பிறகு, “நீங்க இப்ப இப்படிப் பேசறீங்க. அங்க வந்தா மறுபடியும்...” என்று நிறுத்தினாள். பயத்தை மறைக்கத் தெரியாத பெண்.

“வா, ஒண்ணு காட்டறேன்,” என்று அவள் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தாள் பாவாயி. “உனக்காவ அமைதியைக் கொண்டாந்திருக்கோம். நம்மூட்டுலயும் இப்படி இருக்கும், பாரு.” மகனிடம் தலையசைத்தாள். செங்கோட்டுவேல் பாட்டைப் போட்டு, இருபத்திரண்டு வரை ஏற்றினான்.

விழுங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நாலு பக்கமும் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல், கார் தன்னிடம் இருந்ததை வெளியே விட்டது.

ஆயிரத்து இருநூறு தறி அந்த மலையில் ஒரே சமயத்தில் ஓடியது. நாற்பது நாள் நாடா, நாற்பது நாள் மோட்டார், மாவு மில், டெம்போ, எல்லாம் கதவுகளிலிருந்தும் டிக்கியிலிருந்தும் கொட்டி, காப்பிச் செடிகளில் அதிர்ந்து, சரிவில் இறங்கி, எதிர்மலையில் மோதித் திரும்பின. குருவிகள் மொத்தமாகக் கிளம்பின. கோகிலவாணியின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே போட்டார். கோகிலவாணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எல்லாம் போயிற்று என்று செங்கோட்டுவேல் கையைத் தலையில் வைத்தான், அணைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. மாதேஸ் அணை அணை என்று கையை ஆட்டினார். அத்தப்பன் ஓடிப்போய்க் காருக்குள் கையை நீட்டினார்.

அப்போது கோகிலவாணியின் ஒரு கை காதிலிருந்து இறங்கி வயிற்றுக்குப் போனது. பிறகு இன்னொரு கையும். அவள் முகம் மாறியதைப் பாவாயி பார்த்தாள். பார்த்த கணத்தில் அத்தப்பனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

தறிக்குடோனில் கத்தியும் எட்டாதபோது எங்கள் ஊரில் கையால் பேசுவார்கள். அத்தப்பன் ஆள்காட்டி விரலைக் காதோரம் வட்டமாகச் சுற்றிக் காட்டினார்: எல்லாம் போய்விடும், உன் காதில் தறி திரும்ப ஓடும். பாவாயி மருமகளைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், உள்ளங்கையை விரித்து முன்னால் தள்ளினாள். தறியில் அதற்கு ஒரே அர்த்தம். ஓடட்டும்.

ஒரு காப்பி ஆறுகிற நேரம் அது ஓடியது. அவ்வளவு நேரமும் பாவாயி, “பயப்படாத கண்ணு, நான் இருக்கேன்,” என்று அந்தக் கீழ்க்குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தினால்கூடக் கேட்காத இடத்தில் அவள் கத்தவில்லை. யாருக்கும் அது கேட்கவில்லை. ஆனால் வாய் அசைவது கோகிலவாணிக்குத் தெரிந்தது. அவள் மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், கத்தல் இல்லாமல் அந்த முகத்தை முதன்முதலாகப் பார்ப்பவள் போல. பிறகு மூச்சை இழுத்தாள். இருபத்தைந்து வருஷம் யாரும் கேட்டிராத ஒரு குரல், ஆயிரத்து இருநூறு தறிக்கும் மேலே ஏறி வந்தது.

“அத்தே! ஒதைக்குது! ரெண்டு காலாலயும் ஒதைக்குது அத்தே! அணைக்காதீங்க!”

அவளைப் பெற்றவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பாவாயி போய் மருமகளின் வயிற்றில் கை வைத்தாள், மாதேஸ் கதவில் கை வைத்துப் பார்ப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள். அடி நன்றாகவே இறங்கியது. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், இரண்டும் யாருக்கும் கேட்கவில்லை.

சத்தம் தீர்ந்ததும் ஒரு சினிமாப் பாட்டு கேட்டது. மாதேஸ் சங்கடமாக அதை அணைத்தார். காரின் பின்பக்கம் நிமிர்ந்திருந்தது.

அன்றே கோகிலவாணி அவர்களோடு கிளம்பினாள். இறங்கும்போது மூன்றாவது வளைவில் பாவாயியின் காதுக்குள் தறி திரும்ப ஓடத் தொடங்கியது. அவள் சொல்லவில்லை, கை மட்டும் ஒரு தரம் காதுக்குப் போயிற்று. அத்தப்பன் அதைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலவாணியும் பார்த்தாள், என்னவென்று கேட்டாள், பதில் வராததால் மாமியாரின் காதோரம் குனிந்து, “அத்தே! தண்ணி வேணுமா!” என்று கத்தினாள். கார் ஒருமுறை ஆடி நேரானது. செங்கோட்டுவேல் பயந்துபோயிருந்தான்.

பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். இவள் வளைகாப்பு முடிந்தும் போகவில்லை, குழந்தைக்குத் தறி வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது. இன்றைக்கும் தறி ஓடினால்தான் தூங்குகிறது. மாதேஸ் ஒயரை மாற்றிக் கொடுத்துத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார். அத்தப்பன் கார் வருவது இப்போது பஸ் ஸ்டாண்டு வரை கேட்கிறது. எங்களுக்குத்தான் பழகிப்போனதை விட முடியவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு நாங்களே சுவிட்சை அணைத்து ஒரு மணி நேரம் தறியை நிறுத்துகிறோம், மெதுவாகச் சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறோம்.

மற்ற நேரத்தில் அத்தப்பன் வீட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரு பெண் கத்துவது மட்டும் கேட்கும். “அத்தே! சாப்டீங்களா!” வெளியூர்க்காரர்கள் நின்று பார்ப்பார்கள், என்ன கொடுமைக்கார மருமகள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பதில் கேட்காது. பாவாயி பதில் சொல்கிறாள், கோகிலவாணிக்குக் கேட்கிற அளவுக்கு.